அஸாருத்தீனை நாம் அறிவோமா?

ஒரு மனிதருக்கு நற்சான்று கூற முன்வந்த மற்றொருவரைப் பார்த்து ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் சில கேள்விகளைக் கேட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. அவருக்கு அண்டை வீட்டில் குடியிருந்ததுண்டா? அவரோடு வழிப்பயணம் சென்றதுண்டா? பொற்காசும் வெள்ளிக்காசும் கைமாறும் கொடுக்கல் வாங்கலில் அவரோடு ஈடுபட்டதுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே விடை வந்தது. பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர் போலும்; அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறி, அந்தச் சான்றை உமர் (ரலி) அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள்.

விளையாட்டு வீரர்களைப் பற்றி நாம் அன்றாடம் வழங்கும் சான்றுகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் எத்தனை தேறும்? நாம் அவர்களின் அண்டை வீட்டார் அல்லர். அவர்களோடு ஒரு புகைவண்டிப் பெட்டியில்கூடப் போனதில்லை. கொடுக்கல் வாங்கலோ, நுழைவுச்சீட்டு வாங்கியதோடு சரி. ஆயினும் இன்னார் தங்கமான மனிதர், இன்னார் தலைக்கனம் பிடித்தவர் என்று திண்ணையிலிருந்தபடியே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவ்வாறு எழுதப்பட்ட தீர்ப்புகளில், தமிழ் முஸ்லிம் இல்லங்களில் மிகுந்த பாசத்தோடு எழுதப்பட்டுப் பின்னர் மிகுந்த வேதனையோடு அடித்துத் திருத்தப்பட்ட ஒன்று உண்டென்றால், அது ஹைதராபாத் முஹம்மது அஸாருத்தீனைப் பற்றியதே.

1984ஆம் ஆண்டின் இறுதி நாளில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கிய டெஸ்ட் ஆட்டத்தில் அவர் அறிமுகமானார். அப்போது வயது 21. முதல் ஆட்டத்திலேயே 110 ஓட்டங்கள். அடுத்தது நம் சென்னைச் சேப்பாக்கம். 1985 ஜனவரியில் நடந்த அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து ஏழு விக்கெட் இழப்புக்கு 652 ஓட்டங்கள் குவித்தது. பவுலர், கேட்டிங் ஆகிய இருவரும் ஆளுக்கோர் இரட்டைச் சதம் அடித்தனர். இந்தியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அந்தத் தோல்விக்குள்ளும் அஸாருத்தீன் 48, 105 என ஆடினார். கான்பூரில் மூன்றாவது ஆட்டம், மூன்றாவது சதம், 122. முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் சதம் அடித்தவர் உலகில் அவர் ஒருவரே.

வானொலிப் பெட்டியின் வழியே கிரிக்கெட் வீட்டுக்குள் நுழைந்த காலம் அது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் வருணனையால், பந்தையே கண்ணால் காணாத பெண்மக்களும் ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளை அறிந்திருந்தார்கள். மணிக்கட்டைச் சற்றே திருப்பி, வெளியே போகும் பந்தைக் காலடிப் பக்கம் அனுப்பிவிடும் அந்த ஒல்லியான இளைஞர், கேட்பவர் மனத்தில் தாமாகவே ஓர் உருவம் பெற்றார். அந்த உருவத்துக்கு நாம் கொடுத்த குணங்கள் மூன்று: அடக்கம், இறையச்சம், வாய் பேசாமை. தாய்வழிப் பாட்டனாரின் கண்டிப்பான வளர்ப்பில் வளர்ந்தவர் என்று படித்தபோது, நம் வீட்டுப் பிள்ளை என்றே முடிவு கட்டிவிட்டோம். காஸர்கோட்டில் ஓர் அண்ணன், 1994இல் பிறந்த தன் தம்பிக்கு அவர் பெயரையே இடச் செய்தார். அந்தத் தம்பி வளர்ந்து கேரள அணிக்காக ஆடி, 2021இல் மும்பை அணிக்கு எதிராக 54 பந்துகளில் 137 ஓட்டங்கள் எடுத்தார். ஒரு பெயர் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது பாருங்கள்.

மேற்சொன்ன மூன்று குணங்களுள் நமக்கு உண்மையிலேயே தெரிந்தது ஒன்றுதான்: அவர் அதிகம் பேசமாட்டார். கூச்சமுள்ள மனிதர். ஒலிபெருக்கியை நீட்டினால் இரண்டு வாக்கியம் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த ஒன்றிலிருந்து மற்ற இரண்டையும் நாமே வருவித்துக்கொண்டோம். பேசாதவர் அடக்கமானவராகத்தான் இருப்பார். அடக்கமானவர் இறையச்சம் உள்ளவராகத்தான் இருப்பார். ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டு முழுச் சேலையையும் நெய்துவிட்டோம்.

1994இல் ஹர்ஷா போக்ளே எழுதி வெளியான வாழ்க்கை வரலாறும் ஏறத்தாழ இதே சேலையைத்தான் நெய்தது. அவர் நேர்மையான எழுத்தாளர். ஹைதராபாத்தின் சூழலை நன்கு அறிந்தவர். குறை அவருடையது என்று சொல்வதற்கில்லை. வரலாற்றின் நாயகரே ஒப்புதல் தந்து எழுதப்படும் நூலில், நாயகர் திறந்துவிட்ட கதவுகளின் வழியே மட்டும்தானே ஆசிரியர் உள்ளே போக முடியும்? ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அந்நூல் ஒளிர்கிறது. மனிதரைப் பற்றிப் பேசும்போது நாம் முன்னரே நம்பிக்கொண்டிருந்ததை உறுதிப்படுத்தித் தருகிறது. அது வெளியான இரண்டே ஆண்டுகளில், நம் சமுதாயத்து வாசகர் அந்த உருவத்தின்மீது முதன்முறையாகக் கோபம் கொண்டனர். காரணம் அவருடைய மணவாழ்வில் நேர்ந்த மாற்றம். அதை ஈண்டு விரித்துப் பேசுவதில் எமக்கு விருப்பமில்லை. ஒரு வீட்டின் உள்ளறைக் காரியம் அது. ஆயினும் நம் கோபத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். அவர் நமக்கு எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. நாம் வரைந்த படத்தை அவர் கலைத்துவிட்டார் என்பதே நம் வழக்கு. சட்டைக் கழுத்துப்பட்டையை உயர்த்திவிட்டுக்கொண்டு, விலையுயர்ந்த உடையும் கைக்கடிகாரமுமாக அவர் வலம் வந்ததையும் அதே கணக்கில் சேர்த்தோம்.

1990ஆம் ஆண்டு நியூஸிலாந்துப் பயணத்துக்கு, நம் ஸ்ரீகாந்தை நீக்கிவிட்டு அவரை அணித்தலைவர் ஆக்கினார்கள். தேர்வுக்குழுத் தலைவர் ராஜ்சிங் துங்கர்பூர், மியான் என்று விளித்து, தலைவராகிறாயா என்று கேட்டதாகச் சொல்லப்படும் கதை நாடறிந்தது. 47 டெஸ்ட் ஆட்டங்களுக்குத் தலைமை வகித்து 14இல் வென்றார். உலகக் கோப்பைப் போட்டிகள் மூன்றில், 1992, 1996, 1999 ஆகிய ஆண்டுகளில், அணியை நடத்திச் சென்றார். இத்தனை காலமும் அந்தப் பேசாமை அவருக்கு நன்மையே செய்தது.

பின்னர் 2000ஆம் ஆண்டு வந்தது.

ஏப்ரல் 7ஆம் நாள், தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹன்ஸி குரோனியே சூதாட்டத் தரகர் ஒருவரோடு பேசிய தொலைபேசி உரையாடல் தங்களிடம் இருப்பதாக டில்லிக் காவல்துறை அறிவித்தது. குரோனியேயின் புகழுருவம் அஸாருத்தீனுடையதைவிடப் பன்மடங்கு உறுதியானது. தம் மார்க்கப் பற்றை வெளிப்படையாகப் பேசியவர். ஏசுநாதர் இவ்விடத்தில் என்ன செய்திருப்பார் என்று நினைவூட்டும் எழுத்துகள் பொறித்த பட்டையைக் கையில் அணிந்தவர். அவரா என்று உலகமே கேட்டது. நான்கே நாளில் அவருடைய பதவி பறிபோனது. ஜூன் மாதம் நீதிபதி கிங் விசாரணை ஆணையத்தின் முன் அவர் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலத்தில்தான், 1996 கான்பூர் டெஸ்ட் ஆட்டத்தின்போது விடுதி அறையில் ஒரு தரகரைத் தமக்கு அறிமுகம் செய்துவைத்தவர் அஸாருத்தீன் என்று கூறினார். அஸாருத்தீன் மறுத்தார்.

எந்த ஆட்டம் அது என்று சற்று நின்று பாருங்கள். அந்தக் கான்பூர் ஆட்டத்தில் அஸாருத்தீன் இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 163 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 280 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அதற்குச் சில நாள் முன்னர்தான் கல்கத்தாவில் அதே எதிரணிக்கு எதிராக 74 பந்துகளில் சதம் அடித்திருந்தார். குற்றச்சாட்டில் சொல்லப்படும் மனிதரும், நாட்டுக்காக அப்படி ஆடிய மனிதரும் ஒரே வாரத்தில், ஒரே ஊரில், ஒரே உடம்பில் இருந்திருக்க முடியுமா? முடியாது என்று சொல்லிவிட நம் நெஞ்சம் துடிக்கிறது. ஆனால் குரோனியேயைப் பார்த்தால் அப்படித் துணிந்து சொல்லிவிட முடியவில்லை. அவரும் தம் நாட்டுக்காக உயிரைக் கொடுத்து ஆடியவர்தாம். ஆட்டத்தில் காட்டும் உழைப்பு ஆளின் பணநேர்மைக்குச் சான்றாகாது.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் மத்தியப் புலனாய்வுத் துறை தன் அறிக்கையை அளித்தது. அஸாருத்தீன் தரகர்களிடம் பணம் பெற்றார் என்றும், சில ஆட்டங்கள் குறித்து விசாரணையில் ஒப்புக்கொண்டார் என்றும் அது கூறியது. அவர் அதையும் மறுத்தார். டிசம்பர் 5ஆம் நாள் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. 99 டெஸ்ட் ஆட்டங்கள், 6215 ஓட்டங்கள், 22 சதங்கள். நூறாவது ஆட்டம் வரவில்லை.

இந்த இடத்தில் மற்றொரு காட்சியையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டில் கபில்தேவ் மீதும் மனோஜ் பிரபாகர் குற்றம் சாட்டினார். கபில்தேவ் தொலைக்காட்சிப் பேட்டியில் குலுங்கிக் குலுங்கி அழுதார். நாடு அவரோடு சேர்ந்து அழுதது. புலனாய்வுத் துறையும் அவருக்கு எதிராக நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை என்றது. குற்றம் சாட்டிய பிரபாகருக்கே பின்னர் ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. ஆனால் அறிக்கை வருமுன்னரே, கண்ணீரைக் கண்ட நாளிலேயே, மக்கள் கபிலை விடுவித்துவிட்டார்கள் என்பதை மறக்கலாகாது. அஸாருத்தீன் அழவில்லை; வழக்கம்போல் இரண்டு வாக்கியம் முணுமுணுத்தார். பதினைந்து ஆண்டுகளாக அடக்கம் என்று புகழப்பட்ட அதே முணுமுணுப்பு, ஒரே வாரத்தில் கள்ளத்தனம் என்று பெயர் பெற்றது. மனிதரிடம் எதுவும் மாறவில்லை. பார்த்தவர் கண்ணில்தான் மாற்றம். இதைச் சொல்வதால் அவர் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. முதலில் சொன்ன புகழ்ச்சிக்கும், பின்னர் சொன்ன இகழ்ச்சிக்கும் ஆதாரம் ஒன்றே என்பதைத்தான் குறிப்பிடுகிறோம்.

ஒரு முறை அவர் நிறையப் பேசினார். அது பேசாமல் இருந்திருக்கலாம் என்று எண்ணும்படி ஆயிற்று. தாம் சிறுபான்மைச் சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பதாலேயே குறிவைக்கப்படுவதாகக் கூறினார். நம் வீடுகளில் பலர் அதை உடனே பற்றிக்கொண்டதற்கு ஒரு பழைய காயம் காரணம். 1959இல் மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே 112 ஓட்டங்கள் எடுத்த அப்பாஸ் அலி பேக், அவரும் ஹைதராபாத்காரரே, 1960-61இல் பாகிஸ்தானுக்கு எதிரான தொடரில் சரியாக ஆடாதபோது, அவருடைய மார்க்கத்தைச் சுட்டி நாட்டுப்பற்றையே ஐயுற்றுக் கடிதங்கள் வந்தன. அந்த அநீதி உண்மை. அதன் வலியை அறிந்தவர்கள் நாம். ஆனால் பேக் மீது எழுந்தது ஆதாரமற்ற சந்தேகம். அஸாருத்தீன் மீது எழுந்தது பணம் பற்றிய குறிப்பான கேள்வி. அதே வாரியம் அதே நாளில் அஜய் சர்மாவுக்கும் ஆயுட்காலத் தடை விதித்தது. அஜய் ஜடேஜாவும் பிரபாகரும் ஐந்தாண்டுத் தடை பெற்றனர். பாகிஸ்தானில், முஸ்லிம் நீதிபதி ஒருவரின் விசாரணைக்குப் பின் சலீம் மாலிக்கும் அதே 2000ஆம் ஆண்டில் ஆயுட்காலத் தடைக்கு ஆளானார். ஒரு சமுதாயம் பட்ட உண்மையான துன்பத்தைத் தனிமனிதர் தம் கணக்கைத் தீர்க்கும் நாணயமாகச் செலவழிக்கலாகாது. அவரை நேசித்தவர்களாகவே இதைச் சொல்லுகிறோம். நேசிக்காதவர்கள் சொன்னால் வேறு பொருள் வந்துவிடும்.

எங்கள் நேமத்தான்பட்டியிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும், பெரிய வீடுகளின் சுவரில் முன்னோரின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். தங்கச் சரிகை அங்கவஸ்திரம், கையில் தடி, கம்பீரமான பார்வை. அந்தப் படத்தைப் பார்த்து எவரும் கடன் கொடுத்ததில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆள் அனுப்பி வட்டிக்கடை நடத்திய காலத்தில், ஒருவனைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, வருடக்கணக்கில் கவனித்து, அடுத்தாளாக உயர்த்தி, அதன் பின்னரே மேலாள் என்று கடையை ஒப்படைத்தார்கள். குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் ஒத்து வருகிறதா என்பதே அவன் குணத்துக்குச் சாட்சி. மலேயா சபர் சென்ற நம் இளையான்குடி வணிகர்களும் வேறு அளவுகோல் வைத்திருக்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் மூன்றாவது கேள்வியை ஏட்டில் படிக்காதவர்களும் வாழ்க்கையில் கடைப்பிடித்தார்கள். விளையாட்டு வீரர் என்று வந்துவிட்டால் மட்டும் படத்தை வைத்துக்கொண்டு பேரேட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

பேரேட்டைத் திறக்க வேண்டிய இடம் நீதிமன்றம். 2012 நவம்பர் 8ஆம் நாள் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம், வாரியம் விதித்த தடை சட்டப்படி நிற்காது என்று தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 49. இனி மட்டையைத் தொட முடியாத வயதில் கிடைத்த நீதி. அதற்கு முன்பே, 2009இல், மொராதாபாத் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இத்தீர்ப்பை அவருடைய அன்பர்கள் முழு விடுதலை என்று கொண்டாடினார்கள். பகைவர்கள் வெறும் நுணுக்கம் என்று ஒதுக்கினார்கள். இரண்டுமே அவசரம். தண்டித்த முறை சரியில்லை என்று நீதிமன்றம் சொன்னால், அந்தத் தண்டனை அநியாயம் என்பது உறுதி. அதை நுணுக்கம் என்பவன் நாளை தன் தலைமேல் அதே முறை விழும்போது அலறுவான். ஆனால் கான்பூர் விடுதி அறையில் நடந்தது என்ன என்ற கேள்விக்குத் தீர்ப்பில் விடை தேடுவதும் வீண். அக்கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் மிகச் சிலர். குரோனியே 2002 ஜூன் முதல் நாள் விமான விபத்தில் மாண்டுபோனார்.

அந்த வெற்றிடத்தைத் திரைப்படம் நிரப்பப் பார்த்தது. 2016 மே மாதம் வெளியான ‘அஸர்’ என்ற இந்திப் படத்தில் இம்ரான் ஹாஷ்மி நடித்தார். இது வாழ்க்கை வரலாறு அன்று என்று தொடக்கத்திலேயே கைகழுவிக்கொண்ட படம், நாயகரின் பெயரையும் மனைவியர் பெயரையும் மட்டும் விடவில்லை. அதில் வரும் அஸர் தரகரிடம் பணம் வாங்குகிறார். எதற்காக? வேறு வீரர்களை அவன் விலைக்கு வாங்கிவிடாதபடி தடுப்பதற்காக! பின்னர் அதைத் திருப்பிக் கொடுத்தும் விடுகிறார். இதைவிட அவருக்குச் செய்யக்கூடிய தீங்கு வேறில்லை. வாங்கவே இல்லை என்று அவர் ஆண்டாண்டு காலமாகச் சொல்லி வருகையில், வாங்கினார், ஆனால் நல்லெண்ணத்தோடு வாங்கினார் என்று கதை கட்டினால், அவருடைய மறுப்புக்கு என்ன மதிப்பு? திரைக்கதை ஆசிரியருக்கு இரண்டு ஆசைகள்: விறுவிறுப்புக்குப் பணப்பெட்டி வேண்டும், கைதட்டலுக்குத் தியாகி வேண்டும். இரண்டையும் ஒரே காட்சியில் அடைத்தார். நடுவில் நசுங்கியவர் உயிரோடிருக்கும் ஒரு மனிதர். பக்திப் படம் எடுப்பவர்கள்கூடத் தம் நாயகரை இவ்வளவு அலட்சியமாகக் கையாளுவதில்லை.

எமக்கோ, விடுதி அறை இரகசியங்களைவிடப் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க நடந்த ஒரு காரியம் அவரைப் பற்றி அதிகம் சொல்லுவதாகத் தோன்றுகிறது. 2019 செப்டம்பரில் அவர் ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத்தின் தலைவரானார். அவ்வாண்டு முடிவதற்குள் அங்குள்ள உப்பல் மைதானத்தின் வடக்கு மாடத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் சங்கத்தின் குறைதீர் அதிகாரி, தலைவர் பதவியில் இருந்தவருக்கு அச்சங்கமே பெயர் சூட்டியது முறையன்று என்று கூறி அதை நீக்க உத்தரவிட்டார். அஸாருத்தீன் உயர்நீதிமன்றத்தை நாடினார். அந்தப் பெயருக்கு அவர் தகுதியானவரா? ஐயத்துக்கு இடமின்றித் தகுதியானவர். ஹைதராபாத் மண்ணிலிருந்து அவரைப் போல் ஆடியவர் எத்தனை பேர்? நான் பதவியிலிருந்து இறங்கிய பின்னர் செய்யுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், 1985இல் நாம் வரைந்த அந்தப் படம் அன்றைக்கு மெய்யாகியிருக்கும். சொல்லவில்லை. இதில் தரகரும் இல்லை, மறுக்கப்பட்ட வாக்குமூலமும் இல்லை. சதியென்று சொல்லவும் வழியில்லை. அடக்கம் என்ற குணத்தை நாம் அவருக்கு இனாமாகக் கொடுத்திருந்தோம் என்பது இங்கேதான் விளங்குகிறது.

எதிர்த்தரப்பாரின் நடத்தையும் சொல்லும் தரத்தில் இல்லை. 2018 நவம்பரில் கல்கத்தா ஈடன் மைதானத்தில் ஆட்டத் தொடக்க மணியை அடிக்க அவரை அழைத்தார்கள். உடனே கௌதம் கம்பீர் அதைக் கண்டித்துப் பொதுவெளியில் எழுதினார். நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்து! குற்றச்சாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தீர்ப்பை மறந்துவிடும் இந்த ஞாபகசக்தி, அவர் பெயரைப் பிள்ளைக்கு இட்டுவிட்டுக் குற்றச்சாட்டைக் கேட்கவே மறுக்கும் நம் ஞாபகசக்தியின் இரட்டைப் பிறவி.

ஆக, அவருடைய ஆட்டம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அவருடைய கடைசி டெஸ்ட் ஆட்டம் 2000 மார்ச் மாதம் பெங்களூரில் நடந்தது. இந்தியா இன்னிங்ஸ் தோல்வி அடைந்த அந்த ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில், சென்னையில் ஆடியதைப் போலவே, சரிந்து விழும் அணியில் தனித்து நின்று 102 ஓட்டங்கள் எடுத்தார். எதிரணியின் தலைவர் குரோனியே.  டில்லிக் காவல்துறையின் அறிவிப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பந்து வெளியே போகிறது, மணிக்கட்டு திரும்புகிறது, அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடுகிறார். அந்த 102 ஓட்டங்களை எந்த அறிக்கையும், எந்தத் தடையும் பதிவேட்டிலிருந்து அடிக்கவில்லை.